ஸ்பெஷல் ஸ்பேனர்கள்: எதற்குக் காசு போடலாம், எதை விட்டுவிடலாம்?

8 முதல் 19 மி.மீ. வரை ஒரு காம்பினேஷன் ஸ்பேனர் செட், ஒரு சாக்கெட் பெட்டி, எல் கீ, ஸ்க்ரூ டிரைவர்கள், இரண்டு பிளையர். இவை இருந்தால் வண்டியில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஆளைப் படுத்துவது மிச்சமிருக்கும் வேலைகள்தான். பிரேக் பைப் நட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட், சேசிஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆயில் ஃபில்டர் என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தந்த இடத்துக்கென்றே செய்த ஸ்பேனர்களும் கடையில் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாவற்றையும் வாங்கியவர் டிராயரில் பாதி துருப்பிடித்துக் கிடக்கும். எதையுமே வாங்காதவருக்கு என்றாவது ஒரு நட்டு மழுங்கி, அரை மணி நேர வேலை இரண்டு நாளாகும். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது சேதம். சாதாரண ஸ்பேனர் வழுக்கினால் என்ன கெடும்? வெறும் போல்ட் என்றால் பரவாயில்லை, புதிது போட்டுக்கொள்ளலாம். பைப், அலுமினிய மரை, பிளாஸ்டிக் மூடி கெடும் என்றால் கணக்கே வேறு.

அடுத்தது எட்டுமா என்பது. ஸ்பேனர் உள்ளே போகிறதா, போனால் திருப்ப இடம் இருக்கிறதா? கையிலுள்ள எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகுதான் 'எட்டவில்லை' என்று சொல்ல வேண்டும். பல பேர் அதற்கு முன்பே கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்றாவது, பழைய பாகம் திரும்ப மாட்டப் போகிறதா, குப்பைக்குப் போகிறதா? இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பாதி ஸ்பெஷல் கருவிகளின் தேவை இந்த ஒரு கேள்வியில் காணாமல் போய்விடும். தூக்கிப் போடப் போகிற பைப்பையோ வயரையோ வெட்டிவிட்டால் சாதாரண சாக்கெட்டே நேராக இறங்கும்.

நேரம் மிச்சமாவது கடைசியில்தான். ஒரே வேலையை வாரம் தோறும் செய்பவருக்கு அது பெரிய விஷயம். சொந்த வண்டிக்கு மட்டும் செய்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இவற்றோடு விலைச் சீட்டில் இல்லாத செலவுகளும் சேரும்: காலிபரேஷன் (கருவியின் அளவு சரிதானா என்று சோதித்துத் திருத்துவது), பெட்டியின் எடை, பயன்படாத அளவுகள், கருவியே விரிந்தோ உடைந்தோ போவது.

| கருவி | எதற்காக | மாற்று வழி | மறைந்த செலவு | முடிவு |
|---|---|---|---|---|
| ஃபிளேர் நட் ஸ்பேனர் | பிரேக், ஃபியூவல் பைப் நட்டு மழுங்காமல் | பைப்பை மாற்றுவதானால் வெட்டி சாக்கெட் போடலாம் | மலிவானது வாய் விரியும் | வாங்கலாம், முதல் இடம் |
| டார்க் ரிஞ்ச் | சரியான இறுக்கம் | இல்லை | காலிபரேஷன். ஒன்று போதாது | வாங்கலாம் |
| ராட்செட் ரிங் | வேகம், குறுகிய இடம் | சாதாரண ரிங் | பல் உடைதல், தலைத் தடிமன் | தினமும் வேலை செய்பவருக்கு |
| குரோஃபுட் | மேலிருந்து மட்டும் எட்டும் பைப் நட்டு | நீளமான ஸ்பேனர், பொறுமை | டார்க் கணக்கு மாறும், தொலையும் | தேவைப்படும் அளவு மட்டும் |
| அரைவட்ட ரிங் | தடையைச் சுற்றி | எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் | வேறெதற்கும் ஆகாது | வேலை வந்தபின் |
| ஃபில்டர் கப் | ஆயில் ஃபில்டர் | கை, பட்டை ரிஞ்ச் | ஒரு அளவு ஒரு ஃபில்டருக்கே | சொந்த வண்டி அளவு ஒன்று |
| ஹூக் ஸ்பேனர் | வெட்டுள்ள வளைய நட்டு | நல்ல மாற்று இல்லை | அளவுப் பொருத்தம் | டூ வீலர் வேலைக்கு அவசியம் |
| ஆக்சிஜன் சென்சார் சாக்கெட் | வயர் உள்ள சென்சார் | வயரை வெட்டி 22 சாக்கெட் | பிளவு விரியும் | கடை வைத்திருப்பவருக்கு |

## ஃபிளேர் நட் ஸ்பேனர்

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதுதான்.

பிரேக் பைப் முனையிலுள்ள நட்டு மற்ற நட்டுகளைப் போல அல்ல. நடுவில் பைப் ஓடுவதால் அதன் சுவர் மெலிது, உலோகமும் அவ்வளவு கடினமில்லை. சேறும் தண்ணீரும் பட்டுப் பட்டு, அது வீல் சிலிண்டரோடு மட்டுமல்லாமல் தனக்குள் ஓடும் பைப்போடும் துருவால் ஒட்டிக்கொள்ளும். ஓப்பன் ஸ்பேனர் இந்த நட்டை இரண்டே பக்கத்தில் பிடிக்கிறது. விசை கூடக் கூட வாய் லேசாக விரியும். அப்போது அழுத்தம் பக்கத்தை விட்டு முனைக்குப் போகும், முனை மழுங்கும். ரிங் போடலாம் என்றால் பைப் குறுக்கே நிற்கிறது. அதனால் ரிங்கில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, அந்த வெட்டு வழியே பைப்பை நுழைக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆறு பக்கத்தில் ஐந்து பிடிபடும்.

வாங்கும்போது உள்ளே ஆறு முனை உள்ளதா என்று பாருங்கள். 12 முனையுள்ள ஃபிளேர் ஸ்பேனரும் விற்கிறது. சாய்த்துப் பிடிக்க வசதிதான், ஆனால் மழுங்கல் ஆரம்பித்த நட்டில் அது ஓப்பன் ஸ்பேனரை விடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. வெட்டின் இரு கரையும் தடிமனாக இருக்க வேண்டும். பிரேக் பைப் பெரும்பாலும் 4.75 மி.மீ. விட்டம் கொண்டது, அதற்கு மேல் வெட்டு அகலமாக இருந்தால் பிடிக்கும் பரப்புதான் குறைகிறது. அளவைப் பொறுத்தவரை, எம்10 (10 மி.மீ. விட்ட) மரையுள்ள நட்டுக்கு வண்டியைப் பொறுத்து 10 அல்லது 11 வேண்டும். கொஞ்சம் பெரிய பைப்புகளுக்கு 12, 13, 14. டீசல் இன்ஜெக்டர் பைப் வேலை உண்டென்றால் 17, சில இன்ஜின்களில் 19.

நல்ல ஸ்பேனர் கையில் இருந்தும் நட்டைக் கெடுப்பவர்கள் உண்டு. சரியான வரிசை இது:

1. கம்பி பிரஷால் நட்டையும், நட்டுக்குப் பின்னால் பைப்பில் ஒரு அங்குலத்தையும் சுத்தம் செய்யுங்கள். பைப் மேல் துரு மேடு இருந்தால் நட்டு அதில் ஏறி இறுகும்.
2. துரு இளக்கும் எண்ணெயை நட்டின் இரு முனையிலும் விட்டு, முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம், பிரேக் ஆயில் தீப்பிடிக்கும்.
3. பைப் ரப்பர் ஹோஸில் முடிகிறது என்றால் ஹோஸின் அறுகோணத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடியுங்கள்.
4. ஸ்பேனரை நட்டின் முழு உயரத்துக்கு இறக்குங்கள். பாதி இறக்கித் திருப்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு.
5. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். இந்த நட்டுகளுக்கு இறுக்கமே ஏறக்குறைய 12 முதல் 20 நியூட்டன் மீட்டர்தான் (டார்க், அதாவது திருப்பு விசையின் அலகு). அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் பலமெல்லாம் துருவோடு நடக்கும் சண்டை.
6. பைப்பைப் பாருங்கள். நட்டோடு சேர்ந்து அதுவும் முறுக்கிக்கொண்டால் நிறுத்திவிட்டு, எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் கால் சுற்று ஆட்டுங்கள். முறுக்கிய பைப்பைத் திரும்ப நேராக்கிப் போடுவது பிரேக்கில் செய்யக் கூடாத வேலை.

இது தேவைப்படாத நேரமும் உண்டு. பைப்பே அரித்துப்போய் மாற்றப் போகிறீர்கள் என்றால், நட்டை ஒட்டி பைப்பை வெட்டிவிட்டு ஆறு முனை டீப் சாக்கெட்டைப் போடுங்கள். எந்த ஃபிளேர் ஸ்பேனரையும் விட அது உறுதியாகப் பிடிக்கும். ஆனால் புதுப் பைப்பை இறுக்கும்போது ஃபிளேர் ஸ்பேனர் வேண்டியிருக்கும்.

மலிவாகக் கிடைப்பதைத் தவிர்க்க வேண்டிய கருவிகளில் இதுவும் ஒன்று. வாய் விரியும் ஃபிளேர் ஸ்பேனர், 'ஸ்பெஷல் கருவிதானே போட்டிருக்கிறோம்' என்ற தைரியத்தையும் கொடுத்து நட்டையும் கெடுக்கும்.

## டார்க் ரிஞ்ச்

வைத்த எண்ணளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ரிஞ்ச் இது. இதை ஸ்பெஷல் கணக்கில் சேர்ப்பதே தப்பு என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆனாலும் முதலில் வாங்காமல் தள்ளிப் போடப்படுவது இதுதான்.

கை அனுபவம் பெரிய இரும்பு போல்ட்டில் ஓரளவு ஈடுகொடுக்கும். அலுமினியத்தில் அது நம்பக்கூடியதல்ல. 14 மி.மீ. ஸ்பார்க் பிளக் அலுமினிய ஹெட்டில் சுமார் 25 நியூட்டன் மீட்டர் கேட்கிறது. அலுமினிய சம்ப்பின் (அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) டிரெயின் போல்ட் 25 முதல் 40 வரை. இதைக் கொஞ்சம் மீறினால் மரை மாவாக வெளியே வரும். கார் வீல் நட்டு 100 முதல் 120 பக்கம் நிற்கும். எந்த வண்டிக்கும் அதன் மேனுவலில் உள்ள எண்தான் முடிவு.

இந்த எண்களிலேயே மறைந்த செலவு தெரிந்துவிடும்: ஒரே ரிஞ்ச் எல்லாவற்றுக்கும் வராது. வைத்த எண் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் கிளிக் வகை ரிஞ்ச் தன் அளவுகோலின் அடி ஐந்தில் ஒரு பங்கில் நம்பத்தக்கதாக இருக்காது. 200 வரை போகும் அரை இஞ்ச் ரிஞ்சில் 25 வைத்துப் பிளக் இறுக்குவது வீண். 10 முதல் 60 வரை ஒன்று, 40 முதல் 200 வரை ஒன்று என்று இரண்டு வேண்டும். இன்ஜின் மேல் வேலையும் டூ வீலரும் மட்டும் பார்ப்பவர் முதலில் சின்னதை வாங்கலாம்.

இரண்டாவது செலவு காலிபரேஷன். ஐ.எஸ்.ஓ. 6789 தரப்படி கிளிக் ரிஞ்சுக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் அனுமதிக்கும் பிழை கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம். 12 மாதம் அல்லது 5000 முறை, எது முதலில் வருகிறதோ அப்போது சோதிக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை அளவுகோலின் மிகக் குறைந்த எண்வரை தளர்த்தி வையுங்கள். அதற்குக் கீழே திருகிவிட வேண்டாம், உள்ளே பாகம் நகர்ந்துவிடும். இதை வைத்துப் போல்ட் கழற்றுபவரிடம் இரவல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

## ராட்செட் ரிங் ஸ்பேனர்

12 முனை ரிங்கை எடுத்து மறுபடி போட 30 டிகிரி திருப்ப இடம் வேண்டும். ஓப்பன் முனை 15 டிகிரி சாய்ந்திருப்பதால் புரட்டிப் புரட்டிப் போட்டால் அதுவும் 30 டிகிரியில் ஓடும். ராட்செட் ரிங்கை நட்டிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பலாம்; உள்ளே 72 பல் என்றால் 5 டிகிரி போதும், 90 பல்லுக்கு 4, 120 பல்லுக்கு 3. ஆல்டர்னேட்டர் பின்னால் கை நுழையும் இடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தினமும் நாலு வண்டி பார்ப்பவருக்கு 10, 12, 13, 14 இந்த நாலு அளவும் சீக்கிரமே விலைக்கு வேலை செய்துவிடும்.

பல் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு பல்லும் சிறிதாகும் என்பதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். துருப்பிடித்த போல்ட்டின் முதல் திருப்பத்தை இதில் கொடுக்கக் கூடாது. முதல் இளக்கம் சாதாரண ரிங்கில் அல்லது பிரேக்கர் பாரில் (ராட்செட் இல்லாத நீளக் கைப்பிடி), பிறகு ராட்செட். கடைசி இறுக்கமும் அப்படியே. பைப் சொருகி நீளம் கூட்டுவது பல்லைச் சிதைக்க நல்ல வழி.

லீவர் உள்ளதா இல்லாததா என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். லீவர் இல்லாத வகையில் திசை மாற்ற ஸ்பேனரையே புரட்ட வேண்டும், ஆனால் அதன் தலை மெலிதாகத் தட்டையாக இருக்கும். லீவர் வகையில் கைப்பிடி சாய்ந்திருப்பதால் விரல் முட்டி அடிபடாது, ஆனால் தலை தடிமன். தடிமன்தானே குறைய வேண்டும் என்று லீவர் இல்லாததையே வாங்கிவிடுவார்கள். ஆபத்து இங்கேதான். ரேடியேட்டர் பக்கம் பார்த்த நீள போல்ட் ஒன்றைக் கழற்றுகிறீர்கள் என்று வையுங்கள். போல்ட் தலை வெளியே வர வர ஸ்பேனரும் கூடவே நகரும். ஒரு கட்டத்தில் ஸ்பேனரின் முதுகு எதிரே இருப்பதில் முட்டி நிற்கும். இனிமேல் கழற்றவும் முடியாது, ஸ்பேனரை உருவவும் முடியாது. லீவர் இருந்தால் தட்டிவிட்டு நாலு சுற்று உள்ளே திருப்பி எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் ஒரே திசைதான். போல்ட்டின் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருப்பப் பார்க்கலாம். அதுவும் எட்டாவிட்டால் எதிரே இருப்பதைக் கழற்ற வேண்டியதுதான். நீள போல்ட்டில் லீவர் இல்லாததைப் போட்டால், இளகியதும் எடுத்துவிட்டு விரலால் திருப்பும் பழக்கம் வேண்டும்.

தலை மடங்கும் வகையில் நுழையும் கோணம் கூடும். கைப்பிடி தொங்கிப் போகும் என்பதால் ஒரு கையால் வேலை செய்ய முடியாது.

## எட்டாத இடத்துக்கு மூன்று கருவிகள்

குரோஃபுட், அரைவட்ட ரிங், குட்டை ஸ்பேனர். மூன்றும் ஒரே வேலைக்கு என்று நினைத்து ஏதோ ஒன்றை வாங்குகிறார்கள். தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தேர்வு எளிது.

நட்டுக்கு மேலே பைப் போகிறது, பக்கவாட்டில் கை போகாது, மேலிருந்து மட்டும் எக்ஸ்டென்ஷன் இறங்கும் என்றால் குரோஃபுட். இது கைப்பிடி இல்லாத ஸ்பேனர் தலை, ஓரத்தில் ராட்செட்டுக்கான சதுர ஓட்டை. பவர் ஸ்டீரிங் பைப், மாஸ்டர் சிலிண்டரின் அடிப் பக்க நட்டு போன்றவற்றுக்குப் பொருத்தம். அப்போதும் ஃபிளேர் தலை உள்ள குரோஃபுட்டே நல்லது. இதில் திருப்பும் அச்சும் நட்டின் அச்சும் ஒன்றல்ல என்பதால் நீள எக்ஸ்டென்ஷனில் தலை சாய்ந்து நழுவும். எக்ஸ்டென்ஷனைத் திருப்பும் கைக்கு அருகில் இன்னொரு கையால் தாங்க வேண்டும். சதுரத்தில் இருந்து கழன்று இன்ஜின் கீழ்த் தட்டில் விழுவதும் சகஜம், ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால் நிற்கும்.

டார்க் ரிஞ்சில் குரோஃபுட் போடுபவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்தே ஆக வேண்டும். குரோஃபுட் ரிஞ்சின் நேர்க்கோட்டில் முன்னே நீட்டினால் நெம்பு நீளம் கூடுகிறது.

வைக்க வேண்டிய எண் = தேவையான டார்க் × ரிஞ்ச் நீளம் ÷ (ரிஞ்ச் நீளம் + குரோஃபுட் நீட்டம்)

ரிஞ்ச் நீளம் சதுரத்தின் நடுவிலிருந்து கைப்பிடியில் கை பிடிக்கும் இடம் வரை. நீட்டம் என்பது சதுரத்தின் நடுவிலிருந்து நட்டின் நடு வரை. 400 மி.மீ. ரிஞ்ச், 40 மி.மீ. நீட்டம், தேவை 66 நியூட்டன் மீட்டர் என்றால் 66 × 400 ÷ 440 = 60 என்று வைக்க வேண்டும். கணக்குப் பார்க்காமல் 66 வைத்தால் நட்டில் விழுவது 72.6. இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் குரோஃபுட்டை ரிஞ்சுக்கு 90 டிகிரியில் மாட்டுங்கள். அப்போது நீளத்தில் வரும் மாற்றம் மிகக் குறைவு, வைத்த எண்ணையே எடுத்துக்கொள்ளலாம்.

நட்டுக்கும் கைக்கும் நடுவில் ஏதோ ஒன்று நிற்கிறது, ஆனால் சுற்றிப் போக வழி உண்டு என்றால் அரைவட்ட ரிங். ஸ்டார்ட்டர் மேல் போல்ட், இன்டேக் மேனிஃபோல்டின் அடி நட்டுகள் இதன் இடம். வளைவு எந்த அளவுக்குப் பொருந்துகிறதோ அந்த அளவுக்குத்தான் பயன். ஒரு இன்ஜினில் அருமையாகப் போவது இன்னொன்றில் முட்டும். வளைந்த தண்டில் விசையின் ஒரு பகுதி சாய்வாகப் போவதால் தலை நட்டிலிருந்து ஏறப் பார்க்கும், தலையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே செட்டாக வாங்கிவைப்பதில் அர்த்தமே இல்லை.

இடம் இருக்கிறது, ஆனால் ஸ்பேனரின் நீளம் முட்டுகிறது என்றால் குட்டை ஸ்பேனர். நீளம் பாதி என்றால் அதே கை பலத்துக்குக் கிடைக்கும் டார்க்கும் பாதி. இறுகிப் பிடித்த போல்ட்டில் இதை நம்பிப் போகாதீர்கள். பிராக்கெட், கவர், கிளாம்ப் வேலைக்குச் சரி. 10, 12, 13 இருந்தால் ஏராளம்.

வாங்கும் முன் கடைசியாக ஒன்று: ஆடும் முனை உள்ள எக்ஸ்டென்ஷன். சாக்கெட்டை ஏறக்குறைய 15 டிகிரி சாய்த்துப் போட விடும் இந்தச் சின்னப் பொருள், இந்த மூன்றின் வேலையிலும் கணிசமான பங்கைத் தானே செய்துவிடும்.

## ஆயில் ஃபில்டர் ரிஞ்ச்

உலோக டப்பா வகை ஃபில்டரைக் கையால்தான் இறுக்க வேண்டும். கேஸ்கெட் தொட்டபின் பெரும்பாலும் முக்கால் சுற்று, சரியான அளவு ஃபில்டரிலேயே அச்சிட்டிருக்கும். அப்படி இறுக்கியிருந்தால் கழற்றக் கையே போதும். ரிஞ்ச் தேவைப்படுவது, போன முறை யாரோ ரிஞ்ச் வைத்து இறுக்கியதால்தான்.

கப் வகை ஃபில்டரின் தலையில் உள்ள பட்டைகளில் உட்கார்ந்து ராட்செட்டால் திரும்பும். சுத்தமான வேலை. ஆனால் விட்டமும் பட்டை எண்ணிக்கையும் இரண்டும் பொருந்த வேண்டும். ஒரு மி.மீ. பெரிதானாலும் வழுக்கி பட்டையைச் சீவிவிடும். முப்பது கப் கொண்ட செட்டில் சொந்த வண்டிக்காரர் பயன்படுத்துவது ஒன்று. அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள்.

பெல்ட் போலச் சுற்றிப் பிடிக்கும் பட்டை வகை எல்லா அளவுக்கும் வரும், எண்ணெய் பட்டால் வழுக்கும். ஃபில்டரைத் துடைத்துவிட்டு, இன்ஜினை ஒட்டிய அடிப் பக்கத்தில் பட்டையைப் போடுங்கள். அங்கேதான் தகடு உறுதி. நுனியில் போட்டால் டப்பா நசுங்கும். மூன்று கொக்கியால் கவ்வும் மூன்று விரல் வகை உலோக ஃபில்டருக்கு நன்றாக வேலை செய்யும்.

இன்ஜினிலேயே பிளாஸ்டிக் மூடி இருந்து, உள்ளே காகித எலிமென்ட் மட்டும் மாற்றும் வகை வேறு கதை. அந்த மூடி திரும்ப மாட்ட வேண்டிய பொருள். பட்டையும் மூன்று விரலும் அதை உடைக்கும். அதற்கென்ற கப் அல்லது மூடியில் அறுகோணம் இருந்தால் 27, 32, 36 மி.மீ. சாக்கெட்டில் பொருந்துவது, இவை தவிர வேறெதுவும் கிட்டே வரக் கூடாது. மூடிக்கு டார்க் எண்ணும் உண்டு, பலவற்றில் 25 நியூட்டன் மீட்டர். சேதம் என்ற அளவுகோலில் இந்தக் கப் ஃபிளேர் ஸ்பேனருக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பும் பழைய வழியில் டப்பா மட்டும் கிழிந்து, அடித்தட்டு இன்ஜினிலேயே தங்கிவிடும். எந்த வழியில் கழற்றினாலும் பழைய கேஸ்கெட் இன்ஜினில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கேஸ்கெட் சேர்ந்தால் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஆயில் முழுக்கத் தரையில்தான்.

## ஹூக் ஸ்பேனர்

டூ வீலர் ஸ்டீரிங் தண்டின் வளைய நட்டு, ஷாக் அப்சார்பரின் பிரீலோட் வளையம் இரண்டிலும் அறுகோணமே கிடையாது, ஓரத்தில் வெட்டுகள் மட்டும். இதை உளியும் சுத்தியும் வைத்துத் தட்டிக் கழற்றுவது பரவலாக நடக்கிறது. வெட்டு சிதையும் என்பதைவிடப் பெரிய சிக்கல், எவ்வளவு இறுகியது என்று தட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. கூடுதலாக இறுகினால் பந்துகள் பேரிங் பாதையில் பள்ளம் போடும், ஹேண்டில் நடுவில் கொக்கி போட்டது போல் நிற்கும். டூ வீலர் பார்ப்பவர் யோசிக்காமல் வாங்க வேண்டியது இது. கீலுள்ள, அளவு மாற்றக்கூடிய வகை பல விட்டத்துக்கு வரும். கொக்கியின் நுனி வெட்டின் ஆழம் முழுக்க உட்கார்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

## ஆக்சிஜன் சென்சார் சாக்கெட், பெல்ட் டென்ஷனர் பார்

எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் எம்18 மரை, 22 மி.மீ. அறுகோணம். வயர் போக வழிவிட்டுப் பிளந்த சாக்கெட்தான் ஸ்பெஷல். பிளவு இருப்பதால் இறுகிய சென்சாரில் அது விரியும், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிடும். பழைய சென்சார் குப்பைக்குத்தான் என்றால் வயரை வெட்டி, 22 மி.மீ. ஆறு முனை டீப் சாக்கெட்டைப் போடுங்கள். புதியதைச் சாதாரண 22 ஓப்பன் ஸ்பேனரில் இறுக்கலாம். எக்ஸாஸ்ட் வேலைக்காகச் சென்சாரைக் கழற்றித் திரும்ப மாட்டுபவர்களுக்குத்தான் பிளந்த சாக்கெட் தேவை.

டென்ஷனர் பார், பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனரைத் திருப்பும் நீளமான தட்டைக் கம்பி. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இடம் தாராளமாக உள்ள வண்டியில் பிரேக்கர் பாரே போதும். குறுக்கே வைத்த இன்ஜினில் அந்த இடைவெளிக்குள் ராட்செட் தலை போகாது, தட்டைக் கம்பி மட்டும்தான் போகும். பெரிய விசை இதில் இல்லை என்பதால் மலிவானதே போதும்.

## எல்லா அளவுக்கும் ஒன்று என்பவை

ஊசிகள் நிறைந்த சாக்கெட், தானாக அளவு மாறும் தாடை. கொக்கி, குழாய், தோட்டக் கருவி என்று வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வண்டியில் வேண்டாம். முனையைப் பிடிக்கும் எதுவும் முனையை மழுங்கடிக்கும்.

## வெட்டி வளைத்து நாமே செய்வது

பழைய ஸ்பேனரைத் தேய்த்து மெலிதாக்குவது, சூடாக்கி வளைப்பது எல்லாம் நல்ல வழிதான், வரம்பு தெரிந்தால். தேய்க்கும்போது உலோகம் நீலமாக மாறினால் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். கையில் பிடிக்க முடியாத சூடு வரும் முன் தண்ணீரில் முக்குங்கள். வளைக்கச் சிவக்கச் சூடாக்கிய இடம் மென்மையாகிவிடும், அந்த ஸ்பேனர் குறைந்த இறுக்க வேலைக்கு மட்டும். சூடாக்கும் அல்லது வெல்டிங் செய்யும் இடத்தில் குரோம் பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள், அதிலிருந்து வரும் புகை விஷம். அரைவட்ட ரிங், டென்ஷனர் பார், மெலிந்த ஓப்பன் ஸ்பேனர் ஆகியவற்றை இப்படிச் செய்துகொள்ளலாம். ஃபிளேர் நட் ஸ்பேனரை ரிங்கை வெட்டிச் செய்ய முயல வேண்டாம். சாதாரண ரிங்கின் சுவர் மெலிது, வெட்டியதும் விரியும்.

## செட்டா, தனித்தனியா

செட் வாங்கினால் ஒரு ஸ்பேனருக்கு விழும் விலை குறைவு. ஆனால் எந்த அளவு வேண்டும் என்பதை வண்டிதான் சொல்கிறது. ஜப்பானிய வடிவமைப்பில் எம்8 போல்ட்டின் தலை 12, எம்10க்கு 14, எம்12க்கு 17. ஐரோப்பிய வடிவமைப்பில் அதே எம்8க்கு 13, எம்10க்கு 16 அல்லது 17, எம்12க்கு 18 அல்லது 19. எம்6 மட்டும் இரண்டிலும் 10. ஒரே வகை வண்டி பார்ப்பவருக்கு ஸ்பெஷல் செட்டில் பாதி அளவுகள் உறை பிரிக்காமலேயே கிடக்கும். ராட்செட் ரிங்கும் ஃபிளேர் ஸ்பேனரும் நல்ல தரத்தில் மூன்று நாலு அளவு தனித்தனியாக எடுப்பதே லாபம். பல கம்பெனி வண்டியும் வரும் கடைக்கு இது பொருந்தாது, அங்கே செட்தான் சரி.

கடைக்குப் போகும்போது மழுங்காத 10, 12, 13 மி.மீ. தலையுள்ள போல்ட் மூன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனரை மாட்டி இருபுறமும் ஆட்டுங்கள். நல்லதில் மிகக் கொஞ்சம்தான் ஆடும், ஆட்டம் நின்றதும் போல்ட்டின் பக்கம் பிடிபடுவது கையில் தெரியும். ஃபிளேர் ஸ்பேனரென்றால் போல்ட்டைப் பிளையரில் பிடித்து அழுத்தித் திருப்பி, வெட்டு அகலமாகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி விரிந்தால் அது பிரேக் பைப்புக்கு ஆகாது.